ஓடினால்தான் காற்று

1885-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்ற ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பையன் சவாரி கிளம்பினான். பதினாறு வயது. பெயர் பால். அவன் ஏறி உட்கார்ந்திருந்த வாகனத்தைக் குதிரை என்றும் சொல்ல முடியாது, சைக்கிள் என்றும் சொல்ல முடியாது. மரத்தால் சட்டம், மரச் சக்கரங்கள், குடை சாயாமலிருக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரம், நடுவில் ஒரு பெட்ரோல் யந்திரம். அவனுடைய தகப்பனார் காட்லீப் டைம்லரும் அவருடைய கூட்டாளி வில்ஹெல்ம் மேபாக்கும் சேர்ந்து அதைச் செய்திருந்தார்கள். யந்திரத்தின் சக்தி அரைக் குதிரை. அதாவது, ஒரு குதிரை பாதி மனதோடு இழுத்தால் என்ன வேகம் வருமோ அந்த வேகம்.

பையன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். ஆனால் வழியில் ஆசனம் தீப்பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து யந்திரத்தில் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க, பழுக்கக் காய்ச்சிய ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயை ஆசனத்துக்கு நேர் கீழே அமைத்திருந்தார்கள்! உலகத்தையே மாற்றப்போகும் இரண்டு மேதைகளுக்கும், அந்த இடத்தில் ஒரு பையன் உட்காரப்போகிறான் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிளின் முதல் சவாரியே சூட்டோடுதான் ஆரம்பமாயிற்று. அந்தச் சூடு அதன் பிறகு மோட்டார் சைக்கிளை விட்டுப் போகவே இல்லை.

காரணம் எளிது. நாம் காசு கொடுத்து வாங்கும் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பல சமயம் அதுவும் இல்லை. பாக்கி எல்லாம் உஷ்ணம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இன்னொரு பகுதி சிலிண்டரின் சுவரில் ஏறிக்கொள்கிறது. அதை யாராவது எடுத்துக்கொண்டு போகாவிட்டால் எண்ணெய் மெலிந்து கருகும். பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். நம் ஊர் மெக்கானிக் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்: "என்ஜின் ஜாம்."

மோட்டார் காருக்கு இந்தக் கவலை சீக்கிரமே தீர்ந்தது. முன்புறம் தண்ணீர் ரேடியேட்டர், அதன் பின்னால் ஒரு விசிறி. காரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் சைக்கிளில் மனிதன் உட்காரவே இடம் போதாது. தண்ணீரை எங்கே உட்கார வைப்பது? ஆகவே அது வேறு வழி பார்த்தது. சிலிண்டரைச் சுற்றிலும் தகடு தகடாக விளிம்புகளை வார்த்து, மேனி முழுவதையும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. 1895-இல் பிரான்ஸில் டெ டியோன்-பூட்டோன் கம்பெனியார் கொண்டுவந்த சின்ன யந்திரம் இந்த ஜாதிதான். மூன்று சக்கர வண்டிகளுக்காகப் பிறந்த அந்த யந்திரத்தைப் பார்த்துத்தான் பல தேசத்துக்காரர்களும் மோட்டார் சைக்கிள் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் உண்டு. வண்டி ஓடினால் காற்று தானாக வீசுகிறது. வேகமாக ஓடினால் உஷ்ணம் அதிகம், காற்றும் அதிகம். சம்பளம் இல்லாத வேலைக்காரன் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஒரே ஒரு நிபந்தனை: வண்டி நிற்கக் கூடாது. நின்றால் வேலைக்காரனும் நின்றுவிடுவான். அந்த நாளில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் எதற்காக நிற்கப் போகிறான்? காலியான சாலை, மலைப்பாதை, பந்தயம், இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் யந்திரத்தை வரைந்தார்கள். வழியில் ரயில்வே கேட்டும் கல்யாண ஊர்வலமும் குறுக்கிடும் என்பதை யாரும் வரைபடத்தில் போடவில்லை.

காற்றை நம்ப மறுத்தவர்களும் சிலர் இருந்தார்கள். 1894-இல் மியூனிக் நகரத்தில் ஹில்டெபிராண்ட், வோல்ஃப்மியூலர் என்பவர்கள், வரிசையாகத் தயாரித்து விற்ற முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். அதில் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீரை வைக்க இடமில்லாமல் பின்சக்கரத்து மட்கார்டையே தொட்டியாக்கிவிட்டார்கள்! இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் ஸ்காட் என்ற பிடிவாதக்கார யார்க்ஷயர்வாசியும் தண்ணீரைத்தான் நம்பினார். அவருடைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் 1912-லும் 1913-லும் ஐல் ஆஃப் மேன் தீவின் பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்தன. அப்படியும் மற்ற கம்பெனிகள் தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் கனம்; தண்ணீர் ஒழுகும்; குளிர் தேசத்தில் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். காற்றுக்கு இந்தத் தொந்தரவு ஒன்றும் கிடையாது.

மியூனிக்கிலேயே 1920-களின் ஆரம்பத்தில் மெகோலா என்று ஒரு வண்டி வந்தது. அதைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஐந்து சிலிண்டர்களை நட்சத்திரம் போல அடுக்கி, முன்சக்கரத்துக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சிலிண்டர்கள் ஆறு சுற்றுச் சுற்றும். விசிறியை வைத்து யந்திரத்தைக் குளிரச் செய்வதற்குப் பதிலாக யந்திரத்தையே விசிறியாக்கிவிட்ட யுக்தி அது. முதல் மகாயுத்தத்து ஆகாய விமானங்களிடம் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் வண்டிக்குக் கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. நாற்சந்தியில் போலீஸ்காரர் கை காட்டினால் யந்திரத்தை நிறுத்த வேண்டும், அல்லது அவர் கையை இறக்கும்வரை வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். சுமார் 2,000 வண்டிகள் செய்த பிறகு 1925-இல் அந்தக் கதை முடிந்தது.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இத்தாலிக்காரர். பெயர் கொர்ராடினோ டாஸ்கானியோ. 1891-இல் அப்ருட்சி மலைப்பிரதேசத்தில் போபொலி என்ற சிற்றூரில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பறக்கும் பொறி ஒன்றைக் கட்டி, குன்றின் மேலிருந்து இறங்கிப் பார்த்த ஆசாமி. பிற்பாடு இஞ்சினீயராகி, பியெட்ரோ டிரோயானி என்ற பிரபுவின் பணத்தை வைத்து ஹெலிகாப்டர் செய்ய முயன்றார். ஒன்றன் மேல் ஒன்றாக எதிரெதிரே சுழலும் இரண்டு பெரிய விசிறிகள் கொண்ட அந்தப் பொறி, 1930 அக்டோபரில் ரோமாபுரிக்கு அருகே சாம்பினோ விமான நிலையத்தில் மேலே எழும்பிற்று. உயரம் 18 மீட்டர், அதாவது ஒரு நல்ல தென்னை மரத்து உயரம். நேரம் எட்டு நிமிஷம் நாற்பத்தைந்து விநாடி. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அது உலக சாதனை.

சாதனை சோறு போடவில்லை. பணம் தீர்ந்தது; கம்பெனி படுத்தது. 1932-இல் டாஸ்கானியோ பியாஜியோ என்ற விமானக் கம்பெனியில் உத்தியோகத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, விமானங்களின் முன்னால் சுழலும் புரொப்பெல்லரைச் சீர்திருத்துவது. எப்படியோ விசிறி அவரை விடவில்லை.

இரண்டாவது மகாயுத்தம் வந்தது. பொன்டெடேரா என்ற ஊரிலிருந்த பியாஜியோ தொழிற்சாலையின் மேல் குண்டு விழுந்து, கூரையும் சுவரும் சரிந்தன. யுத்தம் முடிந்தபோது தோற்ற தேசத்தில் விமானத்தை யார் வாங்கப் போகிறார்கள்? சாலைகள் உடைந்து கிடந்தன. ஜனங்களுக்கு வேலைக்குப் போக வண்டி இல்லை. கையில் காசும் இல்லை. முதலாளி என்ரிகோ பியாஜியோ மலிவான ஒரு இரு சக்கர வண்டி செய்யத் தீர்மானித்தார். முதலில் வேறு இஞ்சினீயர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். தொழிலாளிகள் அதற்குக் கார்ட்டூன் வாத்தின் பெயரை வைத்தார்கள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. டாஸ்கானியோவைக் கூப்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், டாஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். சங்கிலியின் மசகெண்ணெய் கால்சட்டையில் தெறிக்கும். சக்கரத்தில் காற்று இறங்கினால் கழற்றி மாட்டுவதற்குள் பிராணன் போகும். மோட்டார் சைக்கிளை நேசித்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் இன்னொரு மோட்டார் சைக்கிள்தான் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை வெறுத்தவர் கையில் போனதால் வெஸ்பா கிடைத்தது. நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். பாவாடை கட்டிய பெண்ணும் ஏறலாம், நீண்ட அங்கி போட்ட பாதிரியாரும் ஏறலாம். முன்சக்கரம் விமானத்தின் சக்கரத்தைப் போல ஒரு பக்கத்துக் கையில் தொங்கும். சங்கிலி இல்லை. காலுக்கு முன்னால் சேற்றையும் காற்றையும் தடுக்க ஒரு தகட்டுக் கவசம். அழுக்குப் பிடித்த யந்திரமோ பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் எஃகு மூடிக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டது.

ஒளித்து வைத்தார்களே, அங்கேதான் சங்கடம். காற்றுக்கு மேனியைக் காட்டி நின்ற யந்திரத்துக்குப் போர்வை போர்த்தியாயிற்று. போதாக்குறைக்கு முன்னால் கவசம் வேறு. ஓடினாலும் காற்று படாது. சவாரி செய்பவரின் சட்டை அழுக்காகாமல் இருக்க யந்திரம் மூச்சுத் திணற வேண்டியதாயிற்று.

டாஸ்கானியோவின் வண்டியில் இதற்குப் பரிகாரம் இருந்தது. யந்திரத்தின் ஓட்டம் சீராக இருப்பதற்காக அதன் அச்சில் பிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழலும். அந்தச் சக்கரத்தின் முகத்திலேயே சின்னச் சின்ன இலைகளை வைத்து அதை விசிறியாக்கியிருந்தார்கள். விசிறி இழுத்த காற்று நாலா பக்கமும் சிதறாமல் இருக்கச் சிலிண்டரைச் சுற்றித் தகட்டால் ஒரு கூடு. யந்திரம் சுழன்றால் விசிறியும் சுழலும். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்ற கேள்வியே கிடையாது. ஓட்டத்துக் காற்றை நம்பிய இரு சக்கர யந்திரத்தைக் கட்டிப்போட்டிருந்த நிபந்தனை அங்கே அறுந்தது. விசிறியைச் சுற்ற யந்திரம் தன் சக்தியில் கொஞ்சம் செலவழிக்க வேண்டியிருந்தது உண்மை. 98 சி.சி. யந்திரத்தின் மூன்றேகால் குதிரையில் அதுவும் ஒரு செலவுதான். ஆனால் அது வாடகை மாதிரி. போர்வைக்குள் குடியிருக்க வேண்டுமானால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விசிறி வைத்துக் குளிரச் செய்வது டாஸ்கானியோவின் கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் போர்ஷேயின் ஃபோக்ஸ்வாகன் காருக்கு அதற்கு முன்பே விசிறிக் காற்றுத்தான். என்றாலும், ஆகாயத்தில் பெரிய இலைகளைச் சுழற்றி ஜெயிக்க முடியாமல் போனவருக்கு, உள்ளங்கை நீள இலைகள் பேரும் புகழும் தேடித் தந்தன என்பது கதாசிரியர்கள் கற்பனை செய்யத் துணியாத முரண். 1946 ஏப்ரல் 23-இல் வெஸ்பாவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிற்று. 1953-இல் 'ரோமன் ஹாலிடே' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் ஒரு ராஜகுமாரியாக வந்து ரோமாபுரித் தெருக்களில் அதை ஓட்டிக் கலகம் செய்தார். அந்தக் காட்சியில் பாவாடையில் ஒரு பொட்டு எண்ணெய் படவில்லை. யந்திரம் இருக்கும் இடமே தெரியவில்லை. 1956-இல் பத்து லட்சமாவது வெஸ்பா வெளிவந்தது. டாஸ்கானியோவின் மனமோ ஹெலிகாப்டரிலேயே இருந்தது. 1964-இல் பியாஜியோவை விட்டு விலகி, ஹெலிகாப்டர் செய்யும் அகூஸ்டா கம்பெனியில் சேர்ந்தார். வயது எழுபத்து மூன்று. அங்கே பயிற்சிக்கான ஒரு சின்ன ஹெலிகாப்டரை வரைந்தார். 1981-இல் பீஸா நகரத்தில் காலமானார்.

போட்டிக்காரரான இன்னொசென்டியின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1947-இல் மிலான் நகரத்திலிருந்து வந்த முதல் லாம்ப்ரெட்டாவுக்குப் போர்வை இல்லை; யந்திரம் திறந்தே இருந்தது; விசிறியும் இல்லை. பிற்பாடு 1951-இல் திறந்த மாடல் ஒன்றும், பக்கங்களை மூடிய எல்.டி. மாடல் ஒன்றும் கூடவே விற்றார்கள். திறந்ததற்குக் காற்று, மூடியதற்கு விசிறி.

அதே ஸ்கூட்டர்கள் நம் தேசத்துக்கும் வந்தன. பம்பாயில் லாம்ப்ரெட்டா கூட்டப்பட்டது. 1960-களில் பூனாவில் பஜாஜ், வெஸ்பாவைத் தயாரித்தது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். நமது ஆட்டோ ரிக்‌ஷாவும் இந்த வம்சம்தான். மூன்று பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, மூடிய பெட்டிக்குள் யந்திரத்தை வைத்துக்கொண்டு, மாம்பலத்து நெரிசலில் ஊர்ந்து போகும் அந்த வண்டிக்கு எந்தக் காற்று உதவப் போகிறது? உள்ளே விசிறி இருப்பதால்தான் பிழைத்துக் கிடக்கிறது. சூடாகிறதே என்று சில பேர் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டைக் கழற்றிவிட்டுக் காற்றாட விடுவதுண்டு. அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. வழிகாட்டும் கூடு போனால், விசிறியின் காற்று சிலிண்டரைத் தொடாமலே சிதறிப் போகும்.

மூடிய வண்டிக்கு இப்படி விமோசனம் கிடைத்தது. திறந்த வண்டி, அதாவது அசல் மோட்டார் சைக்கிள், பழைய நிபந்தனையிலேயே நின்றது. அதில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்ஸன் பாடுதான் கஷ்டம். 1909-இல் முதன்முதலாக இரட்டைச் சிலிண்டர் வண்டி செய்தார்கள். 45 டிகிரிக் கோணத்தில் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். பார்க்கக் கம்பீரம், ஆனால் முன்னவர் குளிர்ந்த காற்றை முகத்தில் வாங்கிக்கொள்வார், பின்னவருக்குக் கிடைப்பது முன்னவர் விட்ட வெந்நீர் மூச்சு. இங்கிலாந்தின் ஏரியல் கம்பெனி 1930-களில் நான்கு சிலிண்டர்களைச் சதுரமாக அடுக்கியபோதும் பின்வரிசைக்காரர் இருவருக்கும் இதே கதிதான். பந்தியில் கடைசி வரிசை என்றால் எங்கும் இப்படித்தான்.

சாலையில் பறக்கும்வரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் ஹார்லி வண்டிகளை அமெரிக்கப் போலீஸார் வாங்கினார்கள். போலீஸ்காரருக்கு ஊர்வலம் உண்டு. தலைவர் கையசைத்துக்கொண்டு போவார். பாண்டு வாத்தியம் முன்னால் போகும். அதன் பின்னால் கனத்த மோட்டார் சைக்கிள்கள் மனிதன் நடக்கிற வேகத்தில் மணிக்கணக்காக ஊர வேண்டும். ஓடுவதற்கென்றே செய்த யந்திரத்தை நடக்கச் சொன்னால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? தொடைக்கு நடுவில் அடுப்பை வைத்துக்கொண்டு முகத்தில் மரியாதையை வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய உத்தியோகம்!

இந்தக் கஷ்டத்துக்கென்று தனியே விற்க வந்ததுதான் ஊர்வல விசிறி. பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன மின்விசிறி. அல்லது பக்கம் பார்த்த இரண்டு விசிறிகள். சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் மாட்டி, கைப்பிடி அருகே ஒரு சுவிட்சு. ஊர்வலம் ஆரம்பித்தால் போடலாம். சாலை காலியானால் அணைக்கலாம். கம்பெனியாரும் சும்மா இருக்கவில்லை. 2000-களின் பிற்பகுதியில், வண்டி சூடேறி நிற்கும்போது பின்சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2014-ஆம் வருஷத்துப் பெரிய வண்டிகள் சிலவற்றில் சிலிண்டர் தலைக்குத் தண்ணீரே விட்டார்கள். காற்றையே குலதெய்வமாகக் கொண்டாடிய அன்பர்களுக்கு அது மதம் மாறியது போல இருந்தது. ஜப்பானியருக்கு இந்தச் சஞ்சலம் இல்லை. 1971-லேயே சுஸுகி மூன்று சிலிண்டர் வண்டிக்குத் தண்ணீர் விட்டது. ஆங்கிலேயர் அதைக் கெட்டில் என்றார்கள். அமெரிக்கர் நீர் எருமை என்றார்கள். சுஸுகி கேட்டுக்கொண்டு, விற்றுக்கொண்டே இருந்தது.

இப்போது நம் ஊரிலும் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் விசிறி மாட்டுவதைப்பற்றி யோசிக்கிறார்கள். வெயில்தான் காரணம் என்று நினைக்கிறவர்கள் அநேகர். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சிலிண்டரின் தலை சாதாரணமாகவே 150 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும். அதற்கு 40 டிகிரிக் காற்றும் குளிர்ந்த காற்றுத்தான், 25 டிகிரிக் காற்றும் குளிர்ந்த காற்றுத்தான். சித்திரை வெயிலில் ஓடும் வண்டியைவிட, மார்கழிக் காலையில் நெரிசலில் உறுமிக்கொண்டு நிற்கும் வண்டி அதிகச் சங்கடப்படும். கொதிப்பது வெயிலால் அவ்வளவு இல்லை; நிற்பதால்தான்.

விசிறி மாட்டினால் பலன் உண்டா? உண்டு, அளவோடு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கு ஒரு சாண் அகல விசிறி ஈடாகாது. நின்ற இடத்தில் சூடு மேலும் மேலும் ஏறாமல் தடுக்கும், அவ்வளவுதான். சேறு அடைத்த விளிம்புகளில் விசிறி வீசுவது, மூடிய கதவுக்கு வீசுவது போல. முதலில் சேற்றைச் சுரண்ட வேண்டும். வேகமாக ஓடும்போது, தவறான இடத்தில் மாட்டிய விசிறி வருகிற காற்றையே மறித்துக்கொண்டு நிற்கும். பாட்டரிச் செலவும் உண்டு. யந்திரம் மெதுவாகச் சுழலும்போது மின்சார உற்பத்தியும் குறைச்சல்; விசிறி வேண்டியிருப்பதோ அந்த நேரத்தில்தான். முன்விளக்கு, விசிறி, ஹாரன் மூன்றும் ஒரே சமயத்தில் கேட்டால் பழைய வண்டியின் பாட்டரி கையை விரித்துவிடும்.

ஆனாலும் டாஸ்கானியோவின் விசிறிக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. வெஸ்பாவில் யந்திரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும். யந்திரத்தை அணைத்த அடுத்த சில நிமிஷங்களில் உள்ளே தேங்கிய சூடு வெளியே வரப் பார்க்கும். அப்போது காற்று இல்லை. பாட்டரி விசிறிக்கு அந்தத் தடை இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன பிறகும், சொந்தச் சுவிட்சு உள்ள விசிறியாக இருந்தால், வெளியே இரண்டு நிமிஷம் அது சுற்றிக்கொண்டிருக்கலாம். அணைக்க மட்டும் மறக்கக் கூடாது. மறுநாள் காலையில் உதைத்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.